கப்பல் ரேடியோ: இயக்கமும் பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்முறை கப்பல் ஏறும் கேடட்டுகள், தேர்ட் ஆபீசராகவோ செகண்ட் ஆபீசராகவோ ரேடியோப் பொறுப்பை ஏற்கப்போகிறவர்கள், அவர்கள் வீட்டார் எனப் பலரும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சரக்குக் கப்பல்களில் பிரிட்ஜ் (கப்பலைச் செலுத்தும் அறை) வாட்ச் பார்த்தபடியே ரேடியோக் கருவிகளையும் கவனித்துவருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் கப்பலில் இருக்கும் கருவியின் மேனுவல் வேறு மாதிரி சொன்னால், மேனுவல் சொல்வதைக் கேளுங்கள்.

கப்பலில் ரேடியோ ஆபீசர் என்று தனியாக ஒருவர் இருக்கிறாரா?

பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் இப்போது இல்லை. நம் ஊர்க் கப்பல்காரர்கள் ‘மார்கோனி சாப்’ என்று அழைத்த அந்த ஆபீசர், மோர்ஸ் காலத்தோடு போய்விட்டார். அவருடைய வேலை இன்று டெக் ஆபீசர்களின் தலையில் விழுந்திருக்கிறது. கேப்டனும் வாட்ச் பார்க்கும் ஆபீசர்களும் ஜிஓசி என்ற ரேடியோ இயக்குநர் சான்றிதழ் வைத்திருப்பார்கள். ஆபத்து நேரத்தில் ரேடியோவை மட்டும் கவனிக்க அவர்களில் ஒருவரைப் பெயர் குறித்து நியமித்திருப்பார்கள். அந்தப் பெயர், ஆபத்தில் யாருக்கு என்ன வேலை என்று சொல்லும் மஸ்டர் லிஸ்ட்டில் இருக்கும். வயரிங், கருவிப் பழுது போன்றவற்றுக்கு ஈடிஓ (கப்பலின் மின்சார, மின்னணு ஆபீசர்) கை கொடுப்பார். ஆனால் தினசரி சோதனைக்கும் லாக் புக்குக்கும் பொறுப்பு டெக் ஆபீசர்தான்.

ஜிஎம்டிஎஸ்எஸ் என்றால் என்ன?

கடலில் ஆபத்து வந்தால் உதவி கேட்கவும், புயல் எச்சரிக்கை போன்ற பாதுகாப்புச் செய்திகளைப் பெறவும் உலகம் முழுவதும் ஒரே மாதிரி அமைத்திருக்கும் ஏற்பாடு. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் 1988-இல் திருத்தம் கொண்டுவந்து, 1992 பிப்ரவரி 1 முதல் படிப்படியாக அமலாக்கி, 1999 பிப்ரவரி 1-இல் முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டுப் பயணம் போகும் எல்லாப் பயணிகள் கப்பல்களுக்கும், 300 டன் மொத்தக் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும் இது கட்டாயம். 2024 ஜனவரி 1 முதல் விதிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். பழைய ரேடியோ டெலக்ஸ் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. செயற்கைக்கோள் சேவையில் இன்மார்சாட் நிறுவனத்துக்கு மட்டும் இருந்த இடத்தில் இப்போது இரிடியத்துக்கும் அனுமதி உண்டு.

எந்தக் கருவிகள் வேண்டும் என்பது கப்பல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பொறுத்தது. கரையோர விஎச்எஃப் (குறுந்தூர ரேடியோ) நிலையத்துக்கு எட்டும் தூரம் ஏ1 பகுதி. எம்எஃப் (நடுத்தூர ரேடியோ) நிலையத்துக்கு எட்டும் தூரம் ஏ2. அதைத் தாண்டி செயற்கைக்கோள் பார்க்கும் பரப்பு ஏ3. மிச்சம் இருப்பது ஏ4. நாம் போகும் பெரும்பாலான பயணங்கள் ஏ3-க்குள் அடங்கிவிடும்.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டது, வாட்ஸ்அப் ஓடுகிறது. இந்தப் பழைய பெட்டிகள் இன்னும் எதற்கு?

இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒருவரைக் கூப்பிடலாம், ஒரு குழுவைக் கூப்பிடலாம். ஆனால் பத்து மைல் தள்ளிப் போய்க்கொண்டிருக்கும், பெயர்கூடத் தெரியாத ஒரு கப்பலை நள்ளிரவில் அலாரம் அடித்து எழுப்ப அதனால் முடியாது. ரேடியோவில் இருக்கும் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் அழைப்பு வசதி அதைச் செய்யும். உங்களுக்கு முதலில் வந்து சேரக்கூடியது பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கப்பல்தான்.

இன்னொன்று, மின்சாரம். கப்பலின் ஜெனரேட்டர் நின்றுபோனால் இன்டர்நெட் ரவுட்டரும் நின்றுபோகும். ஜிஎம்டிஎஸ்எஸ் கருவிகள் தனி பேட்டரியில் ஓட வேண்டும் என்பது விதி. அதனால்தான் இன்டர்நெட் எவ்வளவு வேகமாக வந்தாலும் பழைய பெட்டிகளைக் கழற்றவில்லை.

டிஎஸ்சி சிவப்பு பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்?

மூடியைத் திறந்து சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை பட்டதும் போய்விடாது. விஎச்எஃப் என்றால் சானல் 70-லும், எம்எஃப் என்றால் 2187.5 கிலோஹெர்ட்ஸிலும் உங்கள் கப்பலின் ரேடியோ அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐ, இருக்கும் இடம், நேரம், ஆபத்தின் வகை எல்லாம் சேர்ந்து ஒரு டிஜிட்டல் செய்தியாகப் போகும். பதில் வரும்வரை சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை கருவியே திரும்ப அனுப்பும். அதற்குள் நீங்கள் சானல் 16-க்கு அல்லது 2182 கிலோஹெர்ட்ஸுக்கு வந்து, உயிராபத்துக்கான அழைப்புச் சொல்லான மேடேயை மூன்று முறை சொல்லி, கப்பல் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் இருக்கிறோம், என்ன உதவி வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தச் செய்தியில் போகும் இடம் ஜிபிஎஸ்ஸிலிருந்து தானாக வருகிறது. ஜிபிஎஸ் வயர் கழன்றிருந்தால், நேற்று நீங்கள் இருந்த இடம் போகும். தேடுபவர்கள் அங்கே போய்த் தேடுவார்கள். வாட்ச் ஏற்கும்போதெல்லாம் டிஎஸ்சி திரையில் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தானாக வரவில்லை என்றால், பயணத்தில் இருக்கும்வரை 4 மணி நேரத்துக்கு மிகாமல் கையால் போட வேண்டும் என்று சோலாஸே சொல்கிறது.

தவறி அழுத்திவிட்டால்?

பயந்துபோய் கருவியை அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. உங்கள் அலர்ட் ஏற்கெனவே போய்விட்டது. யாரோ உங்களைத் தேடக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். கருவியில் ரத்து செய்யும் வசதி இருந்தால் அதைக் கொடுங்கள். உடனே சானல் 16-க்கு வந்து எல்லா நிலையங்களையும் கூப்பிட்டு, கப்பல் பெயர், அழைப்புக் குறி, எம்எம்எஸ்ஐ, இடம் சொல்லி, உலகப் பொது நேரமான யுடிசிப்படி இத்தனை மணிக்குப் போன அலர்ட்டை ரத்து செய்கிறோம் என்று அறிவியுங்கள். நெடுந்தூர ரேடியோவான எச்எஃப்பில் போயிருந்தால், எந்தெந்த அலைவரிசையில் போனதோ அந்தந்தப் பேச்சு அலைவரிசை எல்லாவற்றிலும் சொல்ல வேண்டும். செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் ஈபிர்ப் கருவி என்றால் அதை நிறுத்திவிட்டு, மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்கு உடனே தெரிவியுங்கள். தவறை ஒப்புக்கொண்டு ரத்து செய்பவர்கள் மீது பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்று சர்வதேச கடல்சார் அமைப்பின் (ஐஎம்ஓ) வழிகாட்டுதலே சொல்கிறது. மறைத்தால்தான் சிக்கல்.

தினமும், வாரமும், மாதமும் என்னென்ன சோதிக்க வேண்டும்?

தினமும் டிஎஸ்சியின் உள்சோதனை, பேட்டரி வோல்டேஜ், பிரின்டர் இருந்தால் அதில் காகிதம். வாரம் ஒருமுறை ஒரு கரை நிலையத்துக்கு டிஎஸ்சி டெஸ்ட் கால். மாதம் ஒருமுறை ஈபிர்ப், சார்ட் (தேடி வருபவர்களுக்கு இடம் காட்டும் கருவி), லைஃப்போட்டுக்கான கையடக்க விஎச்எஃப், பேட்டரி அறை, ஆன்டெனாக்கள். இதெல்லாம் லாக் புக்கின் முதல் பக்கங்களிலேயே அச்சாகியிருக்கும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. வாராந்திர டெஸ்ட் காலுக்குப் பல நேரம் பதில் வராது. பகல் உச்சியில் 4 மெகாஹெர்ட்ஸில் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் நிலையத்தைக் கூப்பிட்டால் எப்படி வரும்? பகலில் 12, 16 மெகாஹெர்ட்ஸும், இரவில் 4, 6 மெகாஹெர்ட்ஸும் தூரம் போகும். 8 மெகாஹெர்ட்ஸ் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் எட்டும். நேரம் பார்த்து, அலைவரிசை மாற்றி, வேறு நிலையத்தையும் கூப்பிட்டுப் பாருங்கள். அப்புறமும் பதில் இல்லையென்றால் ‘பதில் இல்லை’ என்றே எழுதுங்கள். வரிசையாக ஒரே கையெழுத்தில், ஒரே பேனாவில், எல்லா வாரமும் ஒரே நிலையம் ஒரே நேரத்தில் பதில் தந்ததாக எழுதியிருக்கும் லாக் புக்கை எந்த இன்ஸ்பெக்டரும் நம்பமாட்டார். அதைவிட முக்கியம், மூன்று வாரமாக எங்கிருந்தும் பதில் வரவில்லை என்று உண்மையாக எழுதிய லாக் புக்தான் ஆன்டெனாவில் கோளாறு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். செய்யாத சோதனைக்கு டிக் போட்டால், அடுத்து வரும் ஆபீசரிடம் நீங்கள் பொய்யான ஒரு கப்பலை ஒப்படைக்கிறீர்கள்.

பேட்டரி விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

எமர்ஜென்சி ஜெனரேட்டர் உள்ள கப்பலில் ரேடியோ பேட்டரி 1 மணி நேரம் தாங்க வேண்டும். அது இல்லாத கப்பலில் 6 மணி நேரம். சார்ஜர் அதை 10 மணி நேரத்துக்குள் முழுமையாக ஏற்றிவிட வேண்டும்.

சார்ஜர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரைப் பார்த்து 27 வோல்ட் என்று எழுதுவதில் பயனே இல்லை. நீங்கள் பார்ப்பது சார்ஜரின் வோல்டேஜ். ஏசியை அணைத்துவிட்டு, பேட்டரி மட்டும் கொடுக்கும் வோல்டேஜைப் பாருங்கள். அடுத்து லோடு கொடுக்க வேண்டும். எம்எஃப்/எச்எஃப் கருவியில் ஆபத்துக்கான அலைவரிசைகளை விட்டுவிட்டு, வேறு யாரும் பேசாத ஒரு வேலை அலைவரிசையில், முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, முழு பவரில் மைக்கை அழுத்துங்கள். சும்மா அழுத்தினால், இந்தக் கருவி பயன்படுத்தும் எஸ்எஸ்பி முறையில் பவர் போகாது. ‘ஆ…’ என்று நீட்டிக் குரல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ஆன்டெனா மீட்டர் எழும், பேட்டரி வோல்டேஜ் இறங்கும். நல்ல பேட்டரியில் கொஞ்சம் இறங்கி அங்கேயே நிற்கும். கெட்டுப்போன பேட்டரியில் முள் தொடர்ந்து சரிந்துகொண்டே போகும். சில நேரம் கருவியே அணைந்துவிடும். அந்த இறக்கம் மாதாமாதம் கூடிக்கொண்டே வருகிறதா என்பதுதான் நீங்கள் லாக் புக்கில் பார்க்க வேண்டியது.

மூடி திறக்கும் லெட் ஆசிட் பேட்டரி என்றால் மாதம் ஒருமுறை ஒவ்வொரு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பாருங்கள். முழு சார்ஜில் 1.25-ஐ ஒட்டி அல்லது கொஞ்சம் மேலே இருக்கும். ஐந்து செல் சரியாக இருந்து ஒன்று மட்டும் 1.15 காட்டினால், அந்த ஒன்று மொத்த வரிசையையும் கீழே இழுக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுரண்டித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவுங்கள். பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளையை யாராவது பெயின்ட் அடித்து அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அது வெடிக்கக்கூடியது. முழுத் திறனைச் சோதிப்பது ஆண்டுக்கு ஒருமுறை, கப்பல் கடலில் இல்லாதபோதுதான்.

ஆன்டெனா பராமரிப்பு?

பிரிட்ஜின் கூரையான மங்கி ஐலண்டுக்கு ஏறாமல் ஆன்டெனாவைப் பராமரிக்க முடியாது. இன்சுலேட்டர்மேல் உப்பு படிந்து வெள்ளைத் தோல் மாதிரி இருக்கும். காய்ந்திருக்கும்போது தொல்லை தெரியாது. இரவுப் பனி பட்டு ஈரமானதும் அந்த உப்பு வழியே மின்சாரம் கசிந்து, பவர் எல்லாம் கப்பலின் இரும்புக்கே போய்விடும். பகலில் நன்றாக இருந்த எம்எஃப் இரவில் மட்டும் சொதப்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். நல்ல தண்ணீரும் துணியும் போதும். இன்சுலேட்டருக்கு ஒருபோதும் பெயின்ட் அடிக்காதீர்கள். டெக் ஆட்களின் தலைவரான போசனிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஏறுவதற்கு முன் டிரான்ஸ்மிட்டர்களை அணைத்து, ‘மேலே ஆள் இருக்கிறார்’ என்று எழுதிய பலகையைக் கருவியின்மேல் மாட்டி, ரேடாரையும் நிறுத்தச் சொல்லுங்கள். எம்எஃப்/எச்எஃப் ஆன்டெனாவான நீண்ட விப் கம்பியைத் தொட்டபடி இருக்கும்போது கீழே யாராவது டியூன் பட்டனை அழுத்தினால் கை வெந்துவிடும்.

அப்புறம், கனெக்டர்கள். கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் செம்பு கறுத்துப்போகும். வெளியே டேப் புதிதாக இருக்கும், உள்ளே அழுகியிருக்கும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினால், மழை ஓடு வேய்ந்த கூரையில் வழிவதுபோல் வெளியே வழிந்துவிடும். ஆன்டெனா டியூனரிலிருந்து கப்பல் உடலுக்கு வரும் செம்புப் பட்டையையும் பார்த்துவிடுங்கள். அது அரித்துப்போய்க் கழன்றிருந்தால் எம்எஃப் எட்டாது. செயற்கைக்கோள் ஆன்டெனாவின் வெள்ளைக் கூட்டைச் சுத்தத் தண்ணீரில் துடைத்தால் போதும்.

ஈபிர்ப் பற்றி?

கப்பல் மூழ்கினால் சில மீட்டர் ஆழத்தில், 4 மீட்டரைத் தாண்டும் முன், தண்ணீர் அழுத்தத்தால் எச்ஆர்யு என்ற விடுவிப்பான் அறுந்து ஈபிர்ப்பை விடுவிக்கும். அது மிதந்து மேலே வந்து 406 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். குறைந்தது 48 மணி நேரம் ஓடும். நம் கடல் பகுதியில் எழும் சிக்னல், பெங்களூருவில் இஸ்ரோ நடத்தும் கட்டுப்பாட்டு மையத்தின் வழியாகக் கடலோரக் காவல் படையின் மீட்பு மையத்துக்குப் போகும்.

கவனிக்க வேண்டியவை: எச்ஆர்யுவை 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாதம், ஆண்டு அதன்மேலேயே குறித்திருக்கும். ஈபிர்ப்போடு ஒரு மெல்லிய கயிறு சுற்றி வைத்திருப்பார்கள். அது லைஃப்ராஃப்டில் கட்டுவதற்கு. ‘திருடு போகக் கூடாது’ என்று யாராவது அதைக் கப்பல் கைப்பிடியில் கட்டிவைத்தால், ஈபிர்ப் கப்பலோடு சேர்ந்து மூழ்கிவிடும். கப்பல் ஏறிய முதல் நாளே போய்ப் பாருங்கள். சோதனைக்கு டெஸ்ட் பட்டனை மட்டும் பயன்படுத்துங்கள். கப்பலின் கொடி (பதிவு நாடு) மாறியிருந்தால், ஈபிர்ப்பில் பதிவான எண்ணும் மாறியிருக்கிறதா என்று சான்றிதழோடு ஒப்பிடுங்கள்.

சார்ட்?

லைஃப்ராஃப்டில் எடுத்துப்போகும் ரேடார் சார்ட், தேடி வரும் கப்பலின் 3 சென்டிமீட்டர் ரேடாரில் வரிசையாக 12 புள்ளிகளாகத் தெரியும். நெருங்க நெருங்கப் புள்ளிகள் வளைவாகி, வட்டமாகிவிடும். 10 சென்டிமீட்டர் ரேடாரில் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டராவது உயர்த்திக் கட்டுங்கள், தரையில் போட்டால் தூரம் எட்டாது. 96 மணி நேரம் காத்திருக்கும் திறன் அதற்கு உண்டு. ஏஐஎஸ் சார்ட் என்றால் புள்ளிகளுக்குப் பதில் திரையில் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி தெரியும்.

நாவ்டெக்ஸ் செய்தி வராமல் போனால்?

கரையிலிருந்து வரும் எச்சரிக்கைகளை எழுத்தாகப் பெறும் கருவி இது. முதலில், நிலையத்தையும் செய்தி வகையையும் யாராவது அணைத்துவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். 518 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் கிடைக்கும். தமிழகக் கரையில் முட்டத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நாவ்டெக்ஸ் நிலையங்கள் இருக்கின்றன. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன்பே கருவியைப் போட்டுவையுங்கள், பழைய எச்சரிக்கைகளும் சேர்ந்து வரும்.

விஎச்எஃப் எவ்வளவு தூரம் எட்டும்?

நேர்கோட்டுப் பார்வைதான். இரண்டு ஆன்டெனா உயரங்களையும் மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 2.2-ஆல் பெருக்கினால் கடல் மைலில் கிடைக்கும். இரண்டு கப்பலிலும் 25 மீட்டர் என்றால் சுமார் 22 மைல். லைஃப்போட்டிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கையடக்கக் கருவியைப் பிடித்தால், அதே 25 மீட்டர் ஆன்டெனா உள்ள கப்பலுக்கு 13 மைல், அதுவும் கணக்கில்தான். குறைந்த பவரால் நடைமுறையில் இன்னும் குறையும்.

சானல் 16 பற்றி ஒரு வார்த்தை. இரவில் அதில் பாட்டு, விசில், வசவு எல்லாம் கேட்கும். தொல்லை என்று சத்தத்தைக் குறைத்துவைத்தால், நிஜமான மேடே வரும்போது உங்களுக்குக் கேட்காது. அதேபோல் ரிசீவரை அலட்சியமாக வைத்து பட்டன் அழுந்தியபடி இருந்தால், சுற்றியுள்ள இருபது மைலுக்கும் சானல் அடைபட்டுவிடும். ஒலிபரப்பு நடப்பதைக் காட்டும் சிவப்பு டிஎக்ஸ் விளக்கு எரிகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

கப்பலுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கருவிகள்?

கப்பலைத் துறைமுகத்தில் கட்டும் மூரிங் வேலைக்கு யுஎச்எஃப் வாக்கிடாக்கி. டேங்கர் என்றால் தீப்பொறி கிளப்பாத, சான்றிதழ் பெற்ற கருவி மட்டும்தான், பேட்டரியையும் டெக்கில் வைத்து மாற்றக் கூடாது. பிரிட்ஜ், இன்ஜின் ரூம், ஸ்டீயரிங் கியர் அறை மூன்றுக்கும் இடையே மின்சாரமே தேவைப்படாத போன் இருக்கும். பேசுபவரின் குரலே அதற்கு மின்சாரம், கையால் சுற்றி மணி அடிக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் ஸ்டீயரிங் சோதனை செய்யும்போதே இதிலும் பேசிப் பாருங்கள். ஸ்டீயரிங் அறையில் மோட்டார் ஓடும் இரைச்சலில் ஹெட்செட் வழியே கேட்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை.

நடுக்கடலில் கருவி பழுதானால்?

ஏ3, ஏ4 பகுதிகளுக்குப் போகும் கப்பல்கள் மூன்று வழிகளில் இரண்டையாவது வைத்திருக்க வேண்டும்: இரட்டைக் கருவி, கரையில் பழுதுபார்க்கும் ஒப்பந்தம், கப்பலிலேயே பழுதுபார்க்கும் வசதி. பெரும்பாலான கம்பெனிகள் முதல் இரண்டையும் எடுத்துக்கொள்கின்றன. ஃபியூஸ், கனெக்டர், ஆன்டெனா, பேட்டரி வரை நீங்கள் பாருங்கள். அதற்குள் சரியாகவில்லை என்றால் லாக்கில் எழுதி, கேப்டனிடம் சொல்லி, அடுத்த துறைமுகத்துக்கு டெக்னீஷியனை வரவழையுங்கள். பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

மீன்பிடிப் படகுக்கு இதெல்லாம் பொருந்துமா?

விதி வேறு, தேவை ஒன்றுதான். ஒரு விஎச்எஃப் செட்டும், கடலோரக் காவல் படைக்கு நேரே ஆபத்துச் செய்தி போகும் டிஏடி கருவியும் படகில் இருக்கட்டும். செல்போன் சிக்னல் கிடைக்கும் தூரத்தில் 1554 என்ற எண்ணை அழைக்கலாம்.

வீட்டோடு பேச இன்டர்நெட் தர வேண்டியது கம்பெனியின் கடமையா?

கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் 2024 டிசம்பர் 23 முதல் அமலுக்கு வந்த திருத்தம், இயன்றவரை இன்டர்நெட் வசதி தர வேண்டும், கட்டணம் வாங்கினால் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. இது ஆடம்பரம் இல்லை. 2020 ஜூலையில் மொரீஷியஸின் பவளப்பாறையில் மோதிய வகாஷியோ கப்பல், செல்போன் சிக்னலுக்காகக் கரையை நெருங்கியதாக அதை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனமே பின்னர் அறிக்கை வெளியிட்டது.

கப்பலில் இருக்கும் மகனிடமிருந்து இரண்டு நாளாக போன் இல்லை. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கப்பலின் புகைபோக்கி மறைத்து டிஷ்ஷுக்கு சிக்னல் கிடைக்காமல் இருக்கும், டேட்டா தீர்ந்திருக்கும், சில நாடுகளின் எல்லைக்குள் இன்டர்நெட்டை அணைத்துவைக்கச் சொல்லியிருப்பார்கள். துறைமுகத்தில் வேலை அடுக்கடுக்காக வந்து தூங்கிப்போயிருக்கவும் கூடும். ஆனால் மகன் கிளம்பும் முன்பே கப்பலின் பெயர், ஐஎம்ஓ எண், ஆளெடுத்த கம்பெனியின் 24 மணி நேர எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கிவையுங்கள். கவலையாக இருந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, கப்பல் இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கப்பல் எங்கிருக்கிறது என்பதை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது தெரிவிக்கும் கருவி உள்ளேயே இருக்கிறது. அலுவலகத்தால் பதில் சொல்ல முடியும்.